மச்சான் பக்கத்து யன்னல்

எங்கள் வீட்டில் ஒன்பது யன்னல்கள். எட்டும் ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பவை போலத்தான். மரச்சட்டம், இரும்புக் கம்பி, மாரியில் இறுகிக் கோடையில் ஆடுகிற பலகைக் கதவுகள். ஒன்பதாவதற்கு மட்டும் வெள்ளை அலுமினியச் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும். அது ஹோலின் கிழக்குச் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மற்ற எட்டையும் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். "றோட்டுத் தூசி" என்று சொல்லி வைப்பேன். றோட்டு இருப்பது மேற்கில். அதைக் கவனிக்கிறவர்கள் மரியாதைக்குப் பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கிழக்கில் இருப்பது மச்சானின் வீடு. மச்சான் என் மனைவியின் தம்பி, என்னைவிட ஆறு வயது இளையவன். நானும் நாதஸ்வரம் வாசிக்கிறவன், அவனும் நாதஸ்வரம் வாசிக்கிறவன். நான் பிறந்தது புத்தூரில். கல்யாணம் முடித்து அளவெட்டிக்கு வந்தேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணோடுதான் வரும், ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சீதன உறுதிப் பத்திரத்தில் இருப்பது மனைவியின் பெயர். பக்கத்துக் காணி அவளுடைய தம்பிக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி, அதில் ஆள் குனிந்து போய்வருகிற அளவுக்கு ஒரு பொட்டு. இருபத்தாறு வருஷம் குடியிருக்கிற வீட்டில் நானாகக் கொண்டுவந்து சுவரில் பொருத்திப் பூட்டியது என்று காட்ட அந்த ஒரு யன்னல்தான் இருந்தது.

எனக்கு மச்சான் மீது பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. கோயில்களுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவோம், ஒரே மேடையில் தோள் உரச இருப்போம். நோட்டீசில் அவன் பெயர் முதலில் வரும், பெரிய எழுத்தில். என் பெயர் அடுத்த வரியில், இடம் மிஞ்சினால். ராகத்தை அவன் விரிப்பான். அவன் மூச்சு வாங்குகிற இடங்களில் நான் சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஊர்ச்சனம் அவனைப் பார்த்துத் தலையாட்டும், நான் சனத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வயதுக்கு நான் மூத்தவன், வித்துவான் அவன். நான் வந்த மூன்றாம் வருஷமே இது இப்படித்தான் என்று எல்லாரும் தீர்மானித்துவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நோட்டீசையும் சனத்தையும்கூடத் தாங்கியிருப்பேன். தாங்க முடியாதது என் மனைவியின் காது.

அவள் நாதஸ்வரக்காரர் வீட்டில் பிறந்தவள். பெண்பிள்ளை என்பதால் கையில் வாத்தியத்தைக் கொடுக்கவில்லை, ஆனால் காதை யாரும் பொத்தவில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறாள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து தாளம் போடுகிற பெரிய மனிதர்கள் பலருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். மச்சான் தினமும் காலை ஐந்தரைக்குச் சாதகம் தொடங்குவான். சீவாளி என்கிற ஊதுநாணல் எப்படியிருக்கிறது என்று அவன் முதல் ஊதலிலேயே பிடித்துக் குசினியிலிருந்து இவள் சொல்லுவாள், "இண்டைக்குத் தம்பியின்ரை சீவாளி சரியில்லை." இன்னொரு நாள், "பிலஹரியிலை என்னத்துக்கு இவன் இவ்வளவு அவசரப்படுறான்." மற்றொரு நாள் ஒன்றும் சொல்லாமல் கையில் அகப்பையோடு நிற்பாள். அப்படி நின்றால் அன்று அவன் நன்றாக வாசிக்கிறான் என்று அர்த்தம்.

என் வாசிப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லதும் இல்லை, கூடாததும் இல்லை. நான் பின்னேரங்களில் ஹோலில் இருந்து வாசிப்பேன். அவள் குசினியில் தன் பாட்டில் வேலை செய்வாள். வாசித்து முடித்துக் காத்திருப்பேன். "தேத்தண்ணி போடட்டே" என்று கேட்பாள். அவன் சீவாளியில் குற்றம் பிடிக்கிற வாய் என் சீவாளியில் ஒரு குற்றமாவது பிடிக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். திட்டு வாங்கவும் ஒரு தகுதி வேண்டும்போல என்று நினைத்துக்கொள்வேன்.

யன்னல் யோசனை சுவிஸில் வந்தது. அங்கே ஒரு கோயில் திருவிழாவுக்கு அவனை அழைத்தார்கள், அவனோடு என்னையும் அழைத்தார்கள். கோயில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருந்தது. இரண்டு நாதஸ்வரமும் நாலு தவிலும் உள்ளே முழங்கினால் அயலுக்கு இடைஞ்சல் என்று எல்லா யன்னல்களுக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அவன் சண்முகப்பிரியாவை விரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் வந்து வெளியே போனேன். கதவு பின்னால் மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கன்னம் உப்புகிறது, விரல்கள் ஓடுகின்றன, முன்வரிசையில் ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டுகிறார். ஒரு சத்தமும் இல்லை. இருமல் நின்ற பிறகும் நான் அந்தக் குளிரில் கால் மணி நேரம் நின்றேன். மச்சானின் கச்சேரிகளில் நான் முழு மனதோடு ரசித்தது அந்த ஒன்றைத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் யன்னல் தேடத் தொடங்கினேன். மல்லாகத்தில் வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் வீடு கட்டியபோது அளவு பிழைத்து ஒரு இரட்டைக் கண்ணாடி யன்னல் மிஞ்சிக் கிடந்தது. அதை வாங்கினேன். எங்கள் சுவரில் இருந்த துவாரத்தைவிட அது பெரிதாக இருந்ததால் மேசனை வைத்துச் சுவரை இடித்துப் பெருப்பிக்க வேண்டியிருந்தது. சுவர் மனைவியுடையது, அதனால் கேட்டேன். "தூசி வராது. உமக்கும் தும்மல் குறையும்" என்றேன். அவள் யன்னலைப் பார்த்தாள், கிழக்குச் சுவரைப் பார்த்தாள். "செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

பூட்டிய பிறகுதான் என் மடத்தனம் விளங்கியது. ஒரு யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டேன். மற்ற எட்டும் திறந்து கிடந்தன. சுவரின் மேலே காற்றுப் போக வைத்த பூவேலைத் துவாரங்கள் இருந்தன. ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் வெளி. சுவிஸில் வீட்டை ஒரு பெட்டிபோலக் கட்டி வைத்திருக்கிறார்கள், எங்கள் வீடு காற்றுக்காகக் கட்டியது. காற்று வருகிற வழியெல்லாம் மச்சானும் வந்தான். ஏணி வைத்து ஏறிப் பழைய மெத்தை ஸ்பொஞ்சை வெட்டிப் பூவேலைத் துவாரங்களை அடைத்தேன். கிழக்குப் பக்கம் பார்த்த மற்ற இரண்டு யன்னல்களையும் "நுளம்பு வந்து கடிக்கும்" என்று சொல்லிப் பூட்டி வைத்தேன். கடைசியில் சத்தம் நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. ராகம் எது என்று தெரியாத அளவுக்குக் குறைந்தது. அது போதும்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் கேட்காமல் இருப்பதற்காக அந்த யன்னலைப் பூட்டவில்லை. இவள் கேட்காமல் இருப்பதற்காகப் பூட்டினேன். கைபிடியை மேலே, என் உயரத்துக்கு வைக்கச் சொன்னதும் அதற்காகத்தான். முதல் நாள் காலை அவள் குசினி வாசலில் வந்து நின்று காதைக் கொடுத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவப் போனாள். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். சில நாட்களில் அவள் அந்த நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் தண்ணீர் மோட்டர் இருக்கிறது. இருந்தும் வாளியை எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் நிற்பாள். கிணற்றுக்கு இரட்டைக் கண்ணாடி போட முடியாது என்பதால் அதை விட்டுவிட்டேன்.

பின்னேரம் கதை வேறு. நான் வாசிக்க இருக்கும்போது அந்த யன்னலை விரியத் திறந்துவிடுவேன். வேர்க்கும், காற்று வேண்டும், அதுவும் உண்மைதான். ஆனால் அவன் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஒருநாளாவது அவன் தன் வீட்டு விறாந்தையில் இருந்து என் வாசிப்பைக் கேட்டு, சாப்பாடு இறங்காமல் தட்டைத் தள்ளிவிட்டு எழும்ப வேண்டும். காலையில் பூட்டுவதும் பின்னேரம் திறப்பதுமாக நாலு வருஷம் போனது.

ஆடி மாதம் ஒரு கோயிலில் பின்னேரத் திருவிழாவுக்கு வாசித்தோம். அன்று அவன் கல்யாணியை எடுத்தான். தொடக்கம் வழக்கம்போலத்தான் இருந்தது. பிறகு மேல் ஸ்தாயியை நோக்கி ஏறினான். எல்லாரும் மேல் ஸட்ஜத்தில் வந்து நிற்பான் என்று காத்திருந்தார்கள். அவன் அதைத் தொடவில்லை. அதற்கு ஒரு படி கீழே, நிஷாதத்தில் நின்றான். நின்று, கீழே இறங்கி, திரும்ப வந்து அதே இடத்தில் நின்றான். தொடப்போவதுபோல் போய்த் தொடாமல் வந்தான். தவில்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கச்சான் கொறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையை வாய்க்குப் பாதிவழியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கடைசியில் அவன் ஸட்ஜத்தைத் தொட்டபோது சனம் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

நான் பக்கத்தில் நாதஸ்வரத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இப்படியொன்று எனக்கு ஏன் தோன்றவில்லை, முப்பது வருஷமாக இதே ஏழு துவாரத்தைத்தானே நானும் பொத்தித் திறக்கிறேன் என்று நினைத்தேன். மனைவி பெண்கள் பக்கத்தில் இருந்தாள். நான் பார்க்கும்போது அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் இறுகியிருந்தது. தம்பியின் வாசிப்பில் உருகிப்போய் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் கல்யாணியைத் தொடவேயில்லை.

ஐப்பசி மழை தொடங்கியபோது அந்த யன்னல் மங்கத் தொடங்கியது. முதலில் கீழ் மூலையில் ஒரு வெள்ளைப் படலம். துணியால் துடைத்தேன், போகவில்லை. வெளியே போய்த் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஈரம் பிடித்திருந்தது. ஒரு வாரத்தில் படலம் நடுவரை ஏறி, துளிகள் உள்ளேயே வழிந்து கோடு போட்டன. மச்சான் வீட்டு முற்றம் அந்தக் கண்ணாடியில் பால் ஊற்றியதுபோலத் தெரிந்தது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. ஆனால் சட்டத்தின் றப்பரும் விட்டுப்போய்ச் சத்தம் கூடத் தொடங்கியது, அதுதான் பிரச்சினை.

கட்டாரில் பல வருஷம் யன்னல் பூட்டும் வேலை செய்தவர் ஒருவர் கொடிகாமத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன். வந்தவர் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார், சட்டத்தின் விளிம்பை நகத்தால் கிளறிப் பார்த்தார்.

"அண்ணை, உள்ளுக்கை ஈரத்தைக் குடிக்கிற மணியள் இருக்கு. ஒட்டு விட்டுப்போச்சு, மணியள் குடிச்சுக் குடிச்சு முடிஞ்சுது. இனி உதைத் திருத்தேலாது. கண்ணாடியைச் சோடியாத்தான் மாத்தவேணும். கொழும்பிலை செய்விச்சு எடுக்க மூண்டு கிழமை செல்லும்."

"மூண்டு கிழமையோ? அதுவரைக்கும் இது இப்பிடியே கிடக்கட்டும்."

"இல்லை அண்ணை, சட்டத்தையும் கழட்டிக்கொண்டு போனால்தான் அளவு சரியா வரும். சட்டமும் கோணிக் கிடக்கு." அவர் ஹோலைச் சுற்றிப் பார்த்தார். ஸ்பொஞ்ச் அடைத்த பூவேலையைப் பார்த்தார். "என்ன அண்ணை, உது நுளம்புக்கோ?"

"ஓம்" என்றேன்.

யன்னலைக் கழற்றிக்கொண்டு போனார். சுவரில் ஆள் ஏறிக் குதிக்கிற அளவுக்குத் துவாரம் விழுந்தது. அதில் ஒரு நீலத் தறப்பாளைக் கட்டினேன். மழைக்கு அது நின்றது, மச்சானுக்கு நிற்கவில்லை. அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு அவன் என் கட்டில் காலடியில் இருந்து ஊதியதுபோல இருந்தது. நாலு வருஷமாக மேடையில் மட்டுமே கேட்டிருந்ததால், தனியே சாதகத்தில் எவ்வளவு வளர்ந்துவிட்டான் என்பது ஒரேயடியாக விளங்கியது. கல்யாணியில் அந்த நிஷாத விளையாட்டையும் சாதகம் செய்தான். ஒருநாள் அல்ல, அநேகமாக ஒவ்வொரு நாளும். நான் போர்வையைக் காதுவரை இழுத்து மூடிக்கொண்டேன்.

அந்த மூன்று கிழமையும் பின்னேரத்தில் நான் வாசிக்கவில்லை. பல்வலி என்று சொன்னேன். மனைவி கராம்பு எண்ணெய் எடுத்துத் தந்தாள். வலிக்காத பல்லில் தினமும் அதைப் பூசினேன். கோயில் வேலையும் அந்த மாதம் இல்லை, அது நல்லதாகப் போயிற்று. இரண்டாம் கிழமை ஒருநாள் பின்னேரம் தறப்பாள் அசைந்தது. ஒரு ஓரத்தைத் தூக்கிக்கொண்டு மச்சானின் முகம் எட்டிப் பார்த்தது.

"அத்தான், பல்லுக் கொதி குறைஞ்சுதோ?"

"குறையுது."

"உங்கடை சத்தம் இல்லாமல் பின்னேரம் ஒருமாதிரிக் கிடக்கு. சுகம் வந்தோடனை வாசியுங்கோ."

எவ்வளவு இளக்காரம் இருந்தால் யன்னல் இல்லாத துவாரத்தில் வந்து நின்று இப்படிக் கேட்பான் என்று எனக்குத் தோன்றியது. "வாசிப்பம், வாசிப்பம்" என்றேன். அவன் போனதும் தறப்பாளுக்கு இன்னும் இரண்டு கயிறு கட்டினேன். மனைவி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்டதற்கு ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். கராம்பு எண்ணெய்ப் போத்தலை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சொன்ன நாளில் புது யன்னல் வந்தது. கொடிகாமத்துக்காரர் கண்ணாடிச் சோடியைத் துணியில் சுற்றி ஓட்டோவின் பின் சீற்றில் தானும் கூட இருந்து பிடித்துக்கொண்டு வந்தார். மட்டம் பார்த்து, ஆப்பு வைத்து, சிலிக்கன் பூசினார். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. மச்சான் வீட்டு முற்றத்தில் காய்கிற அவன் வேட்டிக் கரை வரை தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் அவர் கைபிடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "அண்ணை, பழைய உயரத்திலையே வைக்கட்டே?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முன்னம் மனைவி பின்னால் இருந்து சொன்னாள். "கீழை வையுங்கோ தம்பி. எனக்கு எட்டிற உயரத்திலை."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். வீடு அவளுடையது, சுவர் அவளுடையது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, அன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலில் உறுதிப் பத்திரம் இருந்தது. "கீழையே வையும்" என்றேன். அவளுடைய தோள் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கைபிடியைப் பூட்டினார்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு நான் நினைத்தது நடந்தது. அவள் குசினியிலிருந்து வந்து, கைபிடியைத் திருப்பி, யன்னலைத் திறந்துவிட்டாள். மச்சானின் நாதஸ்வரம் ஹோலுக்குள் வந்து இருந்தது. அவள் யன்னலடியில் நின்று கவனமாகக் கேட்டாள், முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் பூட்டிவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். நாலு வருஷம் பூட்டி வைத்ததற்கு வட்டியும் முதலுமாகத் தம்பியைக் கேட்டுத் தீர்க்கிறாள் என்று நான் கட்டிலில் கிடந்து வெந்துகொண்டிருந்தேன். கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் என் பெட்டியைத்தான் தூக்க வேண்டியிருக்கும்.

அந்தக் கிழமை முடிவில் ஒரு பின்னேரம் எனக்கு ரோசம் வந்தது. பல்வலியை எத்தனை நாளைக்குக் காவித் திரிவது? நாதஸ்வரத்தை எடுத்துத் துடைத்துச் சீவாளியை நனைத்தேன். யன்னலை விரியத் திறந்தேன். அந்தப் பக்கத்து விறாந்தையில் மச்சான் சாய்மனைக் கதிரையில் இருப்பது தெரிந்தது. நல்லது என்று நினைத்தேன். கரகரப்பிரியாவில் இரண்டு பிடி பிடித்திருப்பேன், மனைவி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். என்னைத் தாண்டிப் போய், யன்னலை இழுத்துச் சாத்தி, கைபிடியை இறுக்கித் திருப்பினாள்.

நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுத்தேன்.

"அவன் வாசிச்சால் திறக்கிறீர், நான் வாசிச்சால் பூட்டுறீர். நான் வாசிக்கிறது வெளியிலை கேட்டால் உமக்கு அவ்வளவு வெக்கமோ?"

கண்ணாடிக்கு அப்பால் தம்பியின் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவனுக்குக் கேக்கக் கூடாது எண்டுதான் பூட்டினனான்" என்றாள்.

"ஏன், கேட்டால் என்னவாம்?"

"கேட்டால் எடுப்பான். கோயிலிலை வாசிச்ச கல்யாணியை எங்கை இருந்து எடுத்தவன் எண்டு நினைக்கிறியள்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், எனக்கு உண்மையாகவே தெரியாது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"மாசி மாசம் ஒரு பின்னேரம் நீங்கள் உதிலை இருந்து வாசிச்சது. நிஷாதத்திலை நிண்டு நிண்டு விளையாடினியள். நான் புட்டு அவிச்சுக்கொண்டு நிண்டனான். பானைத் தண்ணி வத்தி அடிப்பிடிச்சதும் தெரியேல்லை எனக்கு. அண்டைக்கு நீங்கள் புட்டுக் கருகி மணக்குது எண்டு கோவிச்சு எழும்பிப் போனியள்."

புட்டு நினைவு வந்தது. கோபித்ததும் நினைவு வந்தது. வாசித்தது நினைவில் இல்லை. விரல் போன போக்கில் எத்தனையோ வாசிக்கிறேன், அதில் எது நல்லது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. பக்கத்து வீட்டு விறாந்தையில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. அடுப்படியில் நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாமல், என்னுடையதைப் பார்த்தே ஆடியிலிருந்து கார்த்திகை வரை வயிறெரிந்து செத்திருக்கிறேன்.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் வேலிப்பொட்டாலை போய் அவனோடை சண்டை பிடிச்சிருப்பியள். அவன் என்ரை தம்பி. இப்ப இன்னும் என்னென்ன எடுத்து வைச்சிருக்கிறான் எண்டுதான் காலமையிலை கேட்டுப் பாக்கிறன்."

"சரி, அதை விடும். என்ரை வாசிப்பைப் பற்றி ஒருநாளாவது ஒரு சொல்லுச் சொன்னனீரோ? அவனுக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறீர்."

"கலியாணம் முடிச்ச ரெண்டாம் வருஷம் ஒருக்காச் சொன்னனான். தோடியிலை கமகம் கூடிப்போச்சு எண்டு. நீங்கள் நாலு நாள் என்னோடை கதைக்கேல்லை. புத்தூருக்குப் போய் நிண்டியள், அப்பாதான் வந்து கூட்டிக்கொண்டு வந்தவர். தம்பிக்குப் பிழை சொன்னால் சிரிச்சுப்போட்டுத் திருத்துவான்." சாத்திய கைபிடியை இன்னொருதரம் இழுத்துப் பார்த்தாள். "பூட்டித்தான் கிடக்கு. வாசியுங்கோ."

அவள் குசினிக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை. அவள் அங்கே நின்று காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. இருபத்தாறு வருஷமாக நான் ஏங்கியது இதற்குத்தான், இப்போது கிடைத்தபோது சீவாளியை இன்னொருதரம் நனைத்தேன்.

கல்யாணியை எடுத்தேன். மெதுவாக ஏறி நிஷாதத்துக்கு வந்தேன். நின்றேன், இறங்கினேன், திரும்ப வந்து நின்றேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் இறங்குகிற இடமும் திரும்புகிற இடமும் கோயில் மேடையில் பக்கத்தில் இருந்து கேட்ட அதே இடங்கள், அதே நீளங்கள். மாசி மாதம் நான் எப்படி வாசித்தேன் என்று உள்ளே எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. காதுக்குள் அவன் மட்டும் இருந்தான். அப்படியே வாசித்துக்கொண்டு போனேன்.

குசினிக்குள் இருந்து அவள் குரல் வந்தது.

"உது தம்பியின்ரை. உங்கடையை வாசியுங்கோ."